இணையவழிப் பாடம்: சந்தேகம் கேட்க ஆள் எங்கே?

கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி, ஸ்வயம் தளத்தில் படித்தால் பட்டத்துக்கான கிரெடிட், வேலைவாய்ப்புத் திறனுக்கென இணையவழிப் பயிற்சிகள் – இவை மூன்றும் சேர்ந்து தமிழ்நாட்டின் கல்லூரிப் படிப்பில் ஒரு பகுதியை வகுப்பறையிலிருந்து திரைக்கு நகர்த்திவருகின்றன. கரோனா காலத்தில் வேறு வழியின்றி வந்த இணையவழிக் கல்வி, இப்போது விதிமுறைகளின் துணையோடு நிலைபெறுகிறது. கருவியைப் பற்றியும் இணைய இணைப்பைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. புரியாத இடத்தில் மாணவர் யாரைக் கேட்பார் என்பது மட்டும் பெரும்பாலான கல்லூரிகளில் இன்னும் முடிவாகவில்லை.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20% வரை இத்தளத்தின் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே விதி வகுத்திருந்தது. 2021-ல் வந்த புதிய விதி இந்த வரம்பை 40% ஆக உயர்த்தியது.

ஒரு பருவத்தில் ஐந்து தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டு தாள்கள் வரை மாணவர் இணையத்திலேயே படித்து, அந்த மதிப்பெண்ணைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எந்தத் தாள், எத்தனை தாள் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் தன்னாட்சிக் கல்லூரியும் முடிவு செய்கின்றன.

ஸ்வயமில் பொறியியல், அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது ‘என்பிடெல்’ பாடங்களை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய முயற்சி இது. 2014 முதல் சான்றிதழுடன் இணையவழிப் பாடங்களை நடத்துகிறது. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளாக ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம்.

மதிப்பெண் முறையும் எளிமையானது. வாராவாரம் முடிக்கும் அசைன்மென்டுகளுக்கு 25. தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தாளில் பார்க்க ஒழுங்கான ஏற்பாடு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க விடுதிகளுக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை இரவு

பல என்பிடெல் பாடங்களுக்கு வார அசைன்மென்டின் கெடு புதன்கிழமை இரவு 11.59 மணி. அன்று இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கல்லூரி விடுதியின் வராந்தாவில் நடந்தால் படிப்பின் இன்னொரு முகம் தெரியும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘1-பி, 2-டி, 3-ஏ’ என்று விடைகள் வந்து விழுந்துகொண்டிருக்கும். குழுவில் வராவிட்டால் யூடியூப் இருக்கிறது. பாடத்தின் பெயரோடு வாரத்தின் எண்ணையும் சேர்த்துத் தேடினால் விடைகளைச் சொல்லும் காணொளிகள் வரிசைகட்டி நிற்கும்.

ஒருவர் கைபேசியில் விடையைப் படிப்பார். மூன்று பேர் தத்தம் திரையில் வட்டத்தை நிரப்புவார்கள். ஐந்து நிமிட வேலை. அந்த வாரத்துக்கான காணொளிகள் இரண்டரை மணி நேரம் ஓடக்கூடியவை. அவற்றைத் திறந்தே பார்க்காமல் வாரம் முடிந்துவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், அந்த மாணவரின் கால அட்டவணையை ஒருமுறை பார்க்க வேண்டும். மற்ற தாள்களுக்கான வகுப்புகள், உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், ரெக்கார்டு நோட்டு, ஆய்வகம் என எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருக்கும். இணையவழித் தாளுக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்காது. கிரெடிட் உண்டு, பீரியட் இல்லை. ‘உங்கள் வசதிப்படி படியுங்கள்’ என்று விட்டுவிட்ட பாடம், வசதி கிடைக்கும் நாள்வரை காத்திருக்கிறது.

விளைவு பருவத்தின் முடிவில் தெரிகிறது. அசைன்மென்டில் 25-க்கு 23 வாங்கியவர் தேர்வு மையத்தில் திணறுகிறார். அங்கே வாட்ஸ்அப் குழு உடன் வராது. தோற்றால் கட்டிய 1,000 ரூபாயும் போகிறது, கிரெடிட்டும் போகிறது.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவர்களுக்கு அந்தத் தொகை என்ன என்று தெரியும். பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு மாதத்துச் செலவு அது.

உலகம் கண்ட அனுபவம்

இது நம் மாணவர்களின் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் 2012-ல் கூட்டாகத் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தில் தங்கள் பாடங்களை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டன. அப்பாடங்களின் தரவுகளை அலசி, 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13% மட்டுமே.

அங்கே பாடம் நடத்தியவர்கள் உலகின் தலைசிறந்த பேராசிரியர்கள். காணொளிகளின் தரத்திலும் குறையில்லை. ஆனாலும், தனியாக உட்கார்ந்து, யாரும் கேட்காமல், யாரிடமும் கேட்க முடியாமல் ஒரு பாடத்தை முடிப்பது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். சேர்ந்து பார்த்துவிட்டு விலகியவருக்கு அங்கே நஷ்டம் அதிகமில்லை. இங்கே அதே பாடத்தைப் பட்டத்தோடு கட்டிவிடுகிறோம். விலகினால் பட்டம் தள்ளிப்போகும்.

கரோனா விட்டுச்சென்ற பாடம்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஆயத்தமாக யாரும் இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 தரவின்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி வைத்திருந்தவை 4.4% மட்டுமே. ஆசிரியர் கூகுள் மீட்டில் நடத்த, மாணவர் கைபேசியில் கேட்க, அந்தக் கைபேசிக்கு வீட்டில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால், டேட்டா கிடைத்ததால் மட்டும் படிப்பு கிடைத்துவிடவில்லை என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது.

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் கொள்குறி வினாக்களோடு இணையவழியில் பருவத் தேர்வை நடத்தியது. மாணவரின் கேமராவை மென்பொருளே கண்காணித்தது. முடிவுகள் வந்தபோது ஏராளமானோர் தேர்ச்சி பெறவில்லை. பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பெரும் அதிருப்தி எழுந்த பின், அதே ஆண்டு மே மாதம் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது.

2021 நவம்பரில் மதுரை உள்ளிட்ட நகரங்களில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ‘ஆன்லைனில்தானே பாடம் நடத்தினீர்கள், தேர்வையும் ஆன்லைனில் வையுங்கள்’ என்பது அவர்கள் கோரிக்கை. படிக்காமல் தேர்ச்சி பெறப் பார்க்கிறார்கள் என்ற ஏளனம்தான் பெரும்பாலும் பதிலாக வந்தது. ஒன்றரை ஆண்டுகள் கேமராவை அணைத்துவிட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்த தங்களுக்குப் பாடம் வந்து சேரவில்லை என்ற ஒப்புதலும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது. அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

திரை தரும் நன்மைகள்

இணையவழிக் கல்வியே வேண்டாம் என்று சொல்வது இன்றைய மாணவருக்குச் செய்யும் அநியாயம். அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்ட் முறை இருக்கிறது. காலை ஷிப்ட் முடித்தவர்களில் பலர் மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்க்கிறார்கள். கல்யாண சீசனில் கேட்டரிங் வேலைக்குப் போய் மறுநாள் வகுப்பைத் தவறவிடுபவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கும் கேட்கக்கூடிய பாடம் அவர்களுக்கு வரம்.

வகுப்பறையில் ஆசிரியரை ‘சார், இன்னொரு தடவை’ என்று கேட்கக் கூச்சப்படும் மாணவி, காணொளியை நான்கு முறை பின்னோக்கி ஓட்டுகிறாள். ஆங்கிலம் வேகமாகப் போனால் வேகத்தை 0.75-க்குக் குறைத்து, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே கேட்கிறாள். தன் ஊரில் கற்பிக்க ஆளில்லாத ஒரு பாடத்தை, அத்துறையில் பெயர்பெற்ற பேராசிரியரிடமே கற்க முடிகிறது. இந்த வாய்ப்பு முந்தைய தலைமுறைக்கு இல்லை.

ஒழுங்காக வடிவமைத்தால் முழுப் பட்டத்தையே இவ்வழியில் தரலாம் என்பதற்குச் சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு சான்று. ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். வாராந்திர வேலை, நேரலையில் சந்தேகம் தீர்க்கும் அமர்வுகள், கேள்வி கேட்டால் பதில் வரும் விவாதக் களம், வருமானம் குறைந்தோருக்குக் கட்டணச் சலுகை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

அந்தப் படிப்பு கடினமானது. ஆனால், கேள்வி கேட்ட மாணவருக்குப் பதில் சொல்வது யாருடைய வேலை என்பது அங்கே தெளிவு. நம் கல்லூரிகளின் இணையவழித் தாளில் இல்லாதது அந்தத் தெளிவுதான். காணொளியின் சுட்டியைக் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தியாயிற்று என்று சொல்வது, சமையல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பந்தி பரிமாறியாயிற்று என்று சொல்வதற்குச் சமம்.

மொழியும் வீடும்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து அரசுக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு முதல் தடை மொழி. வகுப்பறையில் ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு தமிழில் விளக்கும் ஆசிரியர்களால்தான் இங்கே பல தலைமுறைகள் பட்டம் பெற்றிருக்கின்றன. திரையில் அந்த இடைத்தரகர் இல்லை.

என்பிடெல் பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மாற்றியிருப்பது நல்ல முயற்சி. ஆனால், ‘இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது?’ என்று தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கம் பெற அது போதாது. கலை, வணிகவியல் பாடங்களில் நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது.

இரண்டாவது தடை, குறிப்பாகப் பெண்களுக்கு, வீடு. கல்லூரிக்குள் இருக்கும் ஐந்து மணி நேரம் ஒரு மாணவியின் சொந்த நேரம். பாடம் வீட்டுக்கு வந்தால் அந்த நேரம் தண்ணீர் பிடிக்கவும் தம்பிக்குச் சோறு போடவும் பங்குபோடப்படுகிறது. ‘சும்மா வீடியோதானே, அப்புறம் பார்த்துக்கோ’ என்ற ஒரு சொல்லில் வகுப்பு கலைந்துவிடும். வகுப்பறையிலிருந்து எழுந்து வரச் சொல்ல எந்த வீட்டுக்கும் துணிவு வராது. திரையின் முன்னாலிருந்து எழுப்பத் தயங்குபவர் யாரும் இல்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் முதன்முறையாகக் கணினியைத் தொட்ட குடும்பங்கள் ஏராளம். கருவி வருவது பெரிய உதவி. அதன்முன் உட்கார ஓர் இடமும் நேரமும் கிடைப்பதற்குக் கல்லூரிதான் வழிசெய்ய வேண்டும்.

ஆசிரியர் பணியிடம் என்ன ஆகும்?

அரசுக் கல்லூரிகளில் நிரப்பப்படாத இடங்களை ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் 40% வரம்பு ஓர் ஆசையைத் தூண்டும். ஆள் இல்லாத தாளை இணையத்தில் தள்ளிவிடலாம் என்பதே அது. தனியார் கல்லூரிகளுக்கு அது செலவு மிச்சம். அரசுக்கு, பணி நியமனத்தைத் தள்ளிப்போட ஒரு சாக்கு.

கல்வி ஆண்டு நடுவே ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அதனால் இந்தத் தாளை ஸ்வயமில் படியுங்கள் என்று மாணவரிடம் சொன்னால், அது தேர்வு செய்யும் உரிமை ஆகாது. மாணவர் விரும்பி எடுக்கும் கூடுதல் பாடம் ஒன்று. கல்லூரி கைவிட்ட பாடம் வேறு. விதி இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

ஆசிரியர்களுக்கும் இதில் நியாயமான மனக்குறை இருக்கிறது. என்பிடெலுடன் இணைந்த கல்லூரிகளில் ‘லோக்கல் சாப்டர்’ உண்டு. அங்கே ஒருங்கிணைப்பாளரும் வழிகாட்டி ஆசிரியர்களும் உண்டு. ஆனால், அந்த வேலை பல இடங்களில் அவர்களின் பணிச்சுமைக் கணக்கில் ஏறுவதில்லை. வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் 80 பேர் அசைன்மென்ட் போட்டார்களா என்று விரட்டுவதே வழிகாட்டுதல் ஆகிவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த விரட்டுதலுக்கும் அர்த்தம் குறைந்துவிட்டது. வீட்டில் செய்து அனுப்பும் எந்த வேலையையும் வைத்து ஒரு மாணவர் படித்தாரா என்று இனிச் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால் சொல்லிவிடலாம். ஆசிரியரின் தேவை கூடியிருக்கும் நேரத்தில் அவரைக் குறைக்கப் பார்ப்பது பிழையான கணக்கு.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, கிரெடிட் தரும் ஒவ்வோர் இணையவழித் தாளுக்கும் கால அட்டவணையில் வாரம் இரண்டு பீரியட் ஒதுக்க வேண்டும். ஒன்றில் ஆய்வகத்தில் காணொளி பார்க்கட்டும். மற்றொன்றில் ஆசிரியர் ஒருவர் சந்தேகம் தீர்க்கட்டும். அந்த நேரம் ஆசிரியரின் பணிச்சுமையில் சேர வேண்டும்.

இரண்டாவதாக, பணியிடம் காலியாக இருக்கிறது என்ற காரணத்துக்காக எந்த முதன்மைத் தாளையும் இணையத்துக்கு மாற்றக் கூடாது என்று உயர்கல்வித் துறை ஆணை வெளியிட வேண்டும். விருப்பத் தாள்களில் மட்டும் இணையவழி என்பது நல்ல எல்லைக்கோடு.

மூன்றாவதாக, அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்களின் முதல் தேர்வுக்கான கட்டணத்தை மாநில அரசே ஏற்கலாம். வருகைப் பதிவும் அடுத்துச் சொல்லும் மாதாந்திரக் குறுந்தேர்வும் சரியாக இருப்பவர்களுக்கு என்று நிபந்தனை வைத்தால் பணம் வீணாகாது.

நான்காவதாக, மாதம் ஒருமுறை கல்லூரியிலேயே நேரில், பேனாவும் தாளுமாக அரை மணி நேரக் குறுந்தேர்வு வைக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக அல்ல, இறுதித் தேர்வுக்கு முன்பே யார் பின்தங்குகிறார் என்று தெரிந்துகொள்வதற்காக.

ஐந்தாவதாக, கணினி ஆய்வகத்தையும் நூலகத்தையும் இரவு எட்டு மணிவரை திறந்துவைக்க வேண்டும். மாலையில் பெண்கள் பாதுகாப்பாக வீடு திரும்பப் பேருந்து வசதியும் இதோடு சேர்ந்ததே. விடுதி வைஃபை முடங்கினால் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும்.

ஆறாவதாக, தமிழ். உலகத் தமிழர்களுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்க 2001-லேயே நிறுவனம் கண்ட மாநிலம் இது. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அந்த அனுபவத்தைக் கொண்டு, இளநிலை முதலாண்டுக்கான அடிப்படைப் பாடங்களைத் தமிழில் தரமான காணொளிகளாக எடுக்கலாம். நன்றாக நடத்தும் அரசுக் கல்லூரி ஆசிரியர்களையே நடத்தச் சொல்லலாம். பேச்சை மட்டும் அல்லாமல், மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களுக்கு விளக்கங்களையும் சேர்க்க வேண்டும்.

ஏழாவதாக, கணக்கு. ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வுக்குப் பணம் கட்டினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற மூன்று எண்களைப் பருவந்தோறும் வெளியிட வேண்டும். சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் பழக்கம் இதனால் மாறும்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஓர் அரசாணையும், கால அட்டவணை போடும் துறைத் தலைவரின் மனமும் போதும். காலிப் பணியிடங்களை நிரப்பத்தான் அதிகச் செலவு பிடிக்கும். அந்தச் செலவைத் தவிர்க்க எந்தக் காணொளியும் உதவாது.

ஜூலையிலும் ஜனவரியிலும் புதிய பருவத்துக்கான பதிவு தொடங்கும்போது மாணவர்களும் பெற்றோர்களும் கல்லூரியிடம் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். இந்தப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், எந்தக் கிழமை, எந்த அறை? மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமாகச் சேருங்கள். பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.